போதகரின் ஞானப்பல்

"இன்னும் கொஞ்சம் பெருசா தொறங்க ஐயா" என்றார் டாக்டர் மைமூன். முப்பத்தொரு வருஷமாகப் பிரசங்க பீடத்தில் திறந்து பழகிய வாய், இதற்கு மேல் எப்படித் திறப்பது என்று போதகர் ஞானசிகாமணிக்குத் தோன்றியது, ஆனாலும் திறந்தார். தலைக்கு மேல் வட்ட விளக்கு. கண் கூசியதால் இடது பக்கம் பார்த்தார், அங்கே திரையில் அவருடைய தாடை எக்ஸ்ரேயாகத் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தன் எலும்பைத் தானே பார்ப்பது இதுதான் முதல் தடவை. மற்ற பற்கள் எல்லாம் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாக இருக்க, கடைசியில் ஒன்று மட்டும் எலும்புக்குள்ளேயே குறுக்கே படுத்துக்கிடந்தது, தலையைப் பக்கத்துப் பல்லின்மேல் முட்டிக்கொண்டு, முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிவிட்டு இடம் கிடைக்காமல் இரண்டு சீட்டுக்கு நடுவே தரையில் சுருண்டவனைப்போல. "இதத்தான் ஞானப்பல்லுன்னு சொல்லுறது. தாடையில எடம் பத்தல, உள்ளயே சாஞ்சிட்டு. எத்தன வருஷமா இப்படிக் கெடந்துதோ. இப்ப பக்கத்துப் பல்லையும் சேத்துக் கெடுக்குது. எடுத்துருவோம், முக்கால் மணி நேரம் ஆகும்" என்று டாக்டர் சொன்னார். முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்ததாகப் போதகருக்கு ஞாபகமே இல்லை. ஜெபத்தில்கூட அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார். வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மகள் எப்சிபா உட்கார்ந்திருந்தாள். மனைவி சுகிர்தாதான் அவளைக் கூட அனுப்பினாள், "அப்பாவத் தனியா அனுப்ப முடியாதுட்டி, மயக்கம் கியக்கம் வந்தா என்ன செய்ய?" என்று. வீட்டிலிருந்து பாளையங்கோட்டை வரை ஆட்டோவில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் அவள் பேசியது ஒன்றே ஒன்று: "வலிக்கா?" அவர் சொன்னதும் ஒன்றே ஒன்று: "கொஞ்சம்." சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்கு பெங்களூர் ரயில்.

ஊசி மூன்று இடத்தில் இறங்கியது. முதலில் நாக்கின் ஓரம் போயிற்று, பிறகு கீழுதடு, பிறகு தாடையின் பாதி, ஒரு வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போகிற மாதிரி. உதட்டைத் தொட்டுப் பார்த்தார், வேறு யாருடைய உதடோ. விறைப்பதற்காகக் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் அவருடைய கண் திரும்பத் திரும்ப எக்ஸ்ரேக்கே போயிற்று. இடம் பத்தவில்லை. பல் இருக்கிறது, இடம் இல்லை. பல்லைச் செய்தவருக்குத் தாடையின் அளவு தெரியாதா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தது, ஆனால் அது போகவில்லை, முள் மாதிரி நின்றது. தச்சன் மேஜையைச் செய்துவிட்டு இழுப்பறையைப் பெரிதாகச் செய்வானா? செய்தால் அவனை என்ன சொல்வோம்? சரி, ஏதேனில் தாடை பெரிதாக இருந்திருக்கும், பாவம் வந்த பிறகு சுருங்கியிருக்கும் என்று ஒரு பதில் வந்தது, வந்த வேகத்திலேயே அவருக்குச் சிரிப்பும் வந்தது, பாவத்துக்கும் கடவாய்க்கும் என்ன சம்பந்தம், பழத்தைக் கடித்ததற்காகப் பல்லுக்குத் தண்டனையா? விறைத்த வாயால் சிரிக்க முடியவில்லை, எச்சில்தான் வழிந்தது. ஒருவேளை இது ஒரு சோதனை, பொறுமைக்கு. ஐம்பது வருஷம் எலும்புக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு பல் யாருடைய பொறுமையைச் சோதித்தது? அவருக்கே தெரியாதே. இல்லை, இதற்கு ஒரு காரணம் இருக்கும், நமக்குத் தெரியாத காரணம். இந்த வாக்கியத்தை அவர் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் யாராவது செத்த வீட்டில். அங்கே அது நின்றது. இங்கே, விளக்கு வெளிச்சத்தில், ஒரு பல்லின் முன்னால் அது நிற்கவில்லை. எப்சிபாவிடம் கேட்டால் சொல்வாள். அவள் படிப்பதே இதைத்தானே, உயிர்கள் எப்படி மாறின என்று. கேட்கலாம். எப்படிக் கேட்பது? போன மே மாசத்துக்குப் பிறகு எப்படிக் கேட்பது?

போன மே மாசம் அசனப் பண்டிகை. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், கோயில் நிரம்பி வெளியே பந்தல் போட்டு, பந்தலும் நிரம்பியிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவர் சொன்னார்: "மனுஷன் குரங்குக்குப் பொறந்தான்னு இப்ப பெரிய பெரிய படிப்பெல்லாம் படிக்கிறாங்க. அப்படிப் படிக்கிற பிள்ளைகள் தகப்பன் பேரு எழுதணும்னா எந்த மரத்துல போய்த் தேடுவாங்க?" சபை சிரித்தது. பந்தல் வரைக்கும் சிரிப்பு போயிற்று. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வரிசையில் மஞ்சள் சேலையில் எப்சிபா எழுந்து, பெஞ்சில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, நடுப்பாதை வழியாக, செருப்புச் சத்தம் கேட்க, வெளியே போனாள். அன்று மத்தியானம் சாப்பிடாமல் பெங்களூருக்குக் கிளம்பினாள். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. இப்போது சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள், ஆறு நாள், அந்த ஆறு நாளில் அவர்களுக்குள் நடந்த பேச்சையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். அவள் அங்கே உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை என்று சுகிர்தாவிடம் சொன்னார். பார்க்கவில்லை. கண்ணாடி போட்டிருந்தால் தாளிலுள்ள எழுத்துதான் தெரியும், ஆள் தெரியாது. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா?

"இப்ப மிஷின் சத்தம் கேக்கும். வலி இருக்காது, சத்தம் மட்டுந்தான். வலிச்சா இடது கையைத் தூக்குங்க." சத்தம் காதில் கேட்கவில்லை, மண்டைக்குள்ளேயே கேட்டது, மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி. கருகின வாசனை வந்தது, கூடவே கிராம்பு வாசனையும். பல்லை முழுசாக எடுக்க முடியாது, இரண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வேறு எதையாவது நினைக்க முயன்றார். மழை. மழையை நினைத்தார். முதல் ஊழியம் பார்த்த மேட்டு நிலத்துக் கிராமத்தில் இரண்டு வருஷம் மழை இல்லை, அவர் சபையோடு உபவாசம் இருந்து ஜெபித்தார், பத்தொன்பதாம் நாள் மழை வந்தது. ஆண்டவர் தந்த மழை. அது வடகிழக்குப் பருவக்காற்று என்று அப்போதே அவருக்குத் தெரியும், முந்தின நாள் ரேடியோவில் தூத்துக்குடிக்குக் கிழக்கே தாழ்வு நிலை என்று சொன்னதையும் அவர் கேட்டிருந்தார். இரண்டும் அவருக்குத் தெரியும். ஒன்று இன்னொன்றோடு ஒரு நாளும் முட்டவில்லை. காற்று கொண்டுவந்த மழைக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது நாக்கு ஒரு தடவைகூடக் கூசவில்லை. அப்புறம் ஏன் பல்லுக்கு மட்டும் கூசுகிறது? மிஷின் நின்றது, தண்ணீர் பீச்சியது, உறிஞ்சுகிற குழாய் கன்னத்தைப் பிடித்து இழுத்தது, மறுபடியும் மிஷின். மழைக்குக் காற்றை வைத்தவர், பிள்ளைக்குக் கர்ப்பத்தை வைத்தவர். எப்சிபா வயிற்றில் இருந்தபோது இரண்டாம் மாசம் ஸ்கேனில் பார்த்தார்கள், ஒரு பயறு அளவு, வால் மாதிரி என்னமோ ஒன்றுகூட இருந்ததே, சுகிர்தா பயந்துபோய்க் கேட்டாள், அது போயிரும்மா என்று அந்த டாக்டரம்மா சிரித்தார். பிறந்ததும் அவர் பிள்ளையைக் கையில் ஏந்தி, இவளைப் படைத்தவரே என்று ஜெபித்தார். பத்து மாசம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த பிள்ளையைத்தான் படைத்தவரே என்றார். ஒரே நாளில் முழுசாக வந்திருந்தால்தான் படைப்பு என்று சொல்லியிருப்பாரா? பத்து மாசம் ஆண்டவருக்கு இழுக்கு இல்லை. அப்படியானால் பத்தாயிரம் வருஷம்? பத்துக் கோடி? எத்தனை நாள் ஆனால் அது இழுக்கு? எந்த இடத்தில் கோடு?

இது அவருக்குப் புதிதாக இருந்தது, பயமாகவும் இருந்தது, ஆனால் பயத்தைவிட ஒரு குறுகுறுப்புதான் அதிகம், சின்ன வயதில் தாமிரபரணியில் கால் எட்டாத இடத்துக்கு முதல் தடவை போனபோது வந்த மாதிரி. இன்னும் ஓர் அடி. அந்த அடியை வைத்ததும் மூத்தவன் வந்துவிட்டான். எப்சிபாவுக்கு இரண்டு வருஷம் முன்னால், உயிரில்லாமல் பிறந்தவன், பெயர் வைக்காதவன். நினைக்கக் கூடாது என்று வைத்திருந்த இடம் அது. கர்த்தருடைய சித்தம் என்று அவர் சுகிர்தாவிடம் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. கொடி எப்படியும் சுற்றும், அசைகிற பிள்ளைக்குச் சுற்றும், அது அசைவின் விதி. யாரோ மேலே உட்கார்ந்து இந்தப் பிள்ளை வேண்டாம் என்று விரல் நீட்டவில்லை. இத்தனை வருஷமாக அப்படி விரல் நீட்டிய ஒருவரைத்தான் அவர் வணங்கினாரா, வணங்கிக்கொண்டே அவர்மேல் கோபமாக இருந்தாரா? விதி தன் பாட்டுக்கு ஓடுகிறது என்றால் அந்தக் கோபத்துக்கு இடமில்லை, நெஞ்சில் என்னமோ இளகியது. இளகின உடனே அடுத்தது வந்து நின்றது: விதி ஓடும்போது ஆண்டவர் எங்கே இருந்தார்? பார்த்துக்கொண்டா? கூட அழுதுகொண்டா? தாடைக்குள் பல் நகரும்போதும், கொடி சுற்றும்போதும், ஆதியில் ஏதோ ஒரு சேற்றில் ஏதோ ஒன்று முதல்முறை துடித்தபோதும், எங்கே?  பதில் இல்லை என்பதைப் பதில் மாதிரிச் சொல்லிச் சொல்லி முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. இதையெல்லாம் பீடத்தில் ஏறிச் சொன்னால் சபைக் கமிட்டிக்காரர்கள் மறுநாளே பேராயருக்கு எழுதுவார்கள். எழுதட்டும் என்று ஒரு குரல், எழுதினால் சபை கொடுத்த வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று இன்னொரு குரல்.

மிஷின் நின்றது. டாக்டர் கதவைத் திறந்து, "ஏம்மா, நீ சயின்ஸ்தான படிக்க, உள்ள வந்து பாரு, இந்த மாதிரிப் படுத்த பல்லு தேடுனாலும் கெடைக்காது" என்று கூப்பிட்டார். எப்சிபா வந்தாள். வாயைப் பிளந்துகொண்டு, கழுத்தில் நீலத் தாளும் கன்னத்தில் ரத்தமுமாகக் கிடந்த தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரைக்குப் போனாள். அவர்கள் இரண்டு பேரும் அவருடைய வாய்க்கு மேலே பேசிக்கொண்டார்கள். "ஆமா டாக்டர், பழைய மண்டையோட்டுல எல்லாம் இது நேரா நிக்கும். அப்ப தாடை நீளம். பச்சையா, நாரா மென்னு தின்னாங்க. நெருப்புல வேகவச்சுத் தின்ன ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவ்வளவு பெரிய தாடைக்கு வேலை இல்லாமப் போச்சு, அது கொஞ்சம் கொஞ்சமா சின்னதாச்சு. பல்லு மட்டும் இன்னும் பழைய கணக்குலயே வருது." "அந்த வேகத்துல பல்லால போக முடியல பாரு" என்று டாக்டர் சிரித்தார். எப்சிபா கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்கு இது கஷ்டமா இல்லையா டாக்டர்? தொழவும் செய்றிய, இதையும் தினம் பாக்கிய" என்று கேட்டாள். கேட்டது டாக்டரிடம்தான். ஆனால் அந்தக் கேள்வி தன் மேலேதான் வந்து விழுகிறது என்று போதகருக்குத் தெரிந்தது. டாக்டர் இடுக்கியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பல்லு எடுக்கும்போது அதை யோசிச்சா கை நடுங்கும்மா. சாயங்காலம் யோசிப்பேன். சில நாள் ஒண்ணு ஜெயிக்கும், சில நாள் இன்னொண்ணு ஜெயிக்கும். நீ கொஞ்சம் அப்பா கையப் பிடிச்சுக்கோ, இழுக்கப் போறேன்."

எப்சிபாவின் கை குளிர்ந்திருந்தது. ஆறு நாளில், இல்லை, எட்டு மாசத்தில் முதல் தடவையாக அவள் கையைத் தொடுகிறார். தாடையை யாரோ வேரோடு ஆட்டுகிறார்கள், வலி இல்லை, ஒரு பெரிய இழுப்பு மட்டும், காதுக்குப் பின்னால் என்னமோ முறிகிற ஓசை. நெருப்பு. வேகவைத்த சோறு. ஒரு பெண் முதல்முதலாகக் கிழங்கை நெருப்பில் போட்டு எடுத்த அன்றைக்கு இந்தப் பல்லின் கதை தொடங்கியதா? எவ்வளவு நீளமான கதை, அதன் கடைசி வரி பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் நடக்கிறது. மண்ணைப் பிசைந்து ஒரே மூச்சில் ஊதியதைவிட இது சின்னக் காரியம் இல்லையே, இது பெரிதல்லவா, இவ்வளவு பொறுமை யாருக்கு வரும், தனக்கு ஒரு பிரசங்கத்தில் கூட்டத்தைச் சிரிக்கவைக்காமல் இருக்கிற பொறுமைகூட இல்லையே. மஞ்சள் சேலை. தாளைத்தான் பார்த்தேன். இல்லை. தாளில் அந்த வரி இல்லை. தாளில் இல்லாத வரியைக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்துதான் சொன்னார். நிமிர்ந்தபோது மூன்றாவது வரிசை தெரிந்தது. தூரப் பார்வையில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள், பிரசங்கத்தைக் கவனிக்காமல் ஜன்னலில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஜன்னல்மேல் அவருக்குப் பொறாமை வந்தது, சொன்னார். பார்த்துத்தான் சொன்னார். "வந்துட்டு" என்றார் டாக்டர், தட்டில் கல் விழுந்த மாதிரி டங்கென்று ஒரு சத்தம். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. "வலிச்சுதா ஐயா? கையத் தூக்கச் சொன்னனே?" அவர் தலையை ஆட்டினார். இல்லை.

பஞ்சை மடித்து வைத்து, இறுகக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசக் கூடாது, துப்பக் கூடாது, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். வெளியே நீளப் பெஞ்சில் தகப்பனும் மகளும் உட்கார்ந்தார்கள். எதிரே கன்னத்தைப் பிடித்தபடி ஓர் அம்மாள், சுவரில் மின்விசிறிக் காற்றில் ஆடுகிற காலண்டர். எப்சிபா மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டி அதை வாங்கினார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். பிரசங்கக் குறிப்பு எழுதுகிற கை, ஆனாலும் எழுத்து கோணலாக வந்தது. "அசனத்தன்று உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன். பார்க்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னது பொய்." அவள் வாசித்தாள். ரொம்ப நேரம் வாசித்தாள், இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. "தெரியும்பா" என்றாள். பிறகு, "சிரிச்சாங்கள்லா, அதான் தாங்க முடியல. நீங்க சொன்னது கூட இல்ல." அவர் சீட்டைத் திரும்ப வாங்கினார். மன்னிப்பு என்று எழுதத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நிறுத்தி, அடித்துவிட்டு, வேறொன்று எழுதினார். எட்டு மாசமாக இல்லை, அவள் படிக்கப் போன நாலு வருஷமாக அவர் கேட்காதது. "நீ அங்கே என்னதான் பார்க்கிறாய்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், கேலியா என்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் வீங்கின அந்த முகத்தில் கேலிக்கு வழியே இல்லை. "தவளை" என்றாள். "விரல் நுனி அளவுதான் இருக்கும். செடியில இருக்கும், தண்ணிக்கே போகாது. நம்ம மலைலதான் பாக்கேன், மேல, சோலைக்குள்ள. ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்குல்லா, அந்தப் பள்ளம் சூடு, காஞ்சு கெடக்கும், இதுகளால அதைத் தாண்ட முடியாது. ஒரு காலத்துல எல்லாம் ஒண்ணாத்தான் இருந்திருக்கு. பிரிஞ்சு லட்சக்கணக்கான வருஷமாச்சு. இப்ப பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு, ஆனா கூப்புடுற சத்தம் வேற. இந்த மலைத் தவளை கூப்பிட்டா அந்த மலைப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்காது." அவர் கையை அசைத்தார், எப்படி, எப்படிக் கூப்பிடும்? அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நாக்கை அண்ணத்தில் தட்டி, டிக், டிக், டிக் என்றாள். "இது தெக்கு மலை." பிறகு, டிர்ர்ரிக், என்று இழுத்தாள். "இது வடக்கு." எதிரே இருந்த அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வந்து பஞ்சு நழுவப் பார்த்தது, கையால் பொத்திக்கொண்டார். எப்சிபாவும் சிரித்தாள். சிரித்து முடித்து, சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே, "முத தடவை தனியா ஒரு சோலைக்குள்ள நின்னு அதைக் கேட்டேம்பா. மழை விட்டிருந்துச்சு. நாலு பக்கமும் இதே சத்தம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கண்ண மூடி ஜெபம் பண்ணுனேன். யாருகிட்டன்னு கேட்டுராதிய, எனக்கே சரியாச் சொல்லத் தெரியாது. நீங்க கும்புடுறவர்கிட்டத்தான்னு நெனைக்கேன். ஆனா அவரு உங்க பிரசங்கத்துல வர்ற மாதிரி அவசரக்காரரு இல்ல" என்றாள்.

யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. பஞ்சு இல்லாமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது, ஆச்சரியமாகவும் இருந்தது. அவள் மடித்து வைத்திருந்த சீட்டை வாங்கிப் பிரித்து, இடம் தேடி, ஓரத்தில் எழுதினார்: "என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா?" "ஜூன்ல வருவேன், மழை பிடிச்சதும். அப்பத்தான் கூப்புடும். ஆறு கிலோமீட்டர் ஏறணும், அட்டை கடிக்கும், காலெல்லாம் ரத்தமா ஒழுகும், பரவால்லையா?" அவர் தலையை ஆட்டினார். அட்டை. அதை எதற்காக, எப்படி, எத்தனை வருஷத்தில், என்று ஒரு கேள்வி உடனே கிளம்பிற்று, எழுதப் போனார், சீட்டில் இடமில்லை. அவள் தன் உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.